மெயில் செட்டிங்ஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தமாக ஒரு சாட் சர்வரை நிறுவி நடத்துவது எப்படி என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதையெல்லாம் தமிழில் உட்கார்ந்து எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம், அதனால் முதலில் நன்றி. சர்வரை வாடகைக்கு எடுப்பது, டொமைனை அதன் பக்கம் திருப்புவது, ஸூலிப், மேட்டர்மோஸ்ட் என்ற சாட் மென்பொருள்களில் ஒன்றை நிறுவுவது, பாதுகாப்புச் சான்றிதழ் வாங்குவது என எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்ன கட்டுரையாளர், மெயில் செட்டிங்ஸையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நானும் அப்படித்தான் நினைத்து, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதனால் எங்கள் குழுவிலிருந்து ஒருவர் மூன்று வாரம் வெளியே நின்றார், அவர் வெளியே நிற்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் ஒரு சின்னத் தன்னார்வக் குழு, மொத்தம் நாற்பது பேருக்குள். பேச்செல்லாம் போன் செயலிகளில் சிதறிக் கிடந்ததால் சொந்தமாக ஒரு சாட் சர்வர் போட்டோம். நிறுவுகிற வேலை ஒரே இரவில் முடிந்தது. எல்லோரையும் உள்ளே அழைக்க ஒரு பொது லிங்க்கைப் போனில் பகிர்ந்தேன், அதனால் அழைப்பு மெயில் என்ற ஒன்று தேவைப்படவே இல்லை. மெயில் செட்டிங்ஸில் ஏதோ ஒரு முகவரியையும் பாஸ்வேர்டையும் நிரப்பி வைத்திருந்தேன், ஒரு டெஸ்ட் மெயில்கூட அனுப்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், சர்வர் நன்றாக ஓடுகிறது என்றே நினைத்தேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு அக்கா, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துத் திருத்துகிறவர். அவர் போனை மாற்றியபோது பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. மறந்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார், உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள் என்று திரை சொல்லியிருக்கிறது. இன்பாக்ஸில் ஒன்றும் வரவில்லை, ஸ்பேமிலும் இல்லை. மறுநாளும் அழுத்தியிருக்கிறார், அதற்கடுத்த நாளும். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு சொல்லாக்கத்தை வைத்து அவருக்கும் இன்னொருவருக்கும் குழுவில் கொஞ்சம் வாக்குவாதம் ஆகியிருந்தது. அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். வேறொரு விஷயமாக நான் போன் செய்தபோது, பேச்சு முடிகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: “என்னைக் குரூப்புலேர்ந்து எடுத்துட்டீங்கதானே?” எனக்குப் பதிலே வரவில்லை. போனை வைத்ததும் சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தால், மெயில் அனுப்பும் பகுதியில் ஒரே வரி பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பு நேரம் கடந்துவிட்டது, இணைப்பு நேரம் கடந்துவிட்டது. நடுவில் அவருடைய மூன்று முயற்சிகளும் இருந்தன.

இந்தக் கோளாறு ஏன் இவ்வளவு அமைதியாக நடக்கிறது என்பதை வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாஸ்வேர்டு மீட்கும் பக்கம், நீங்கள் கொடுத்த முகவரிக்கு இங்கே கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும், சொல்லவும் வேண்டும். இல்லையென்றால் யார் யாருக்கு இங்கே கணக்கு இருக்கிறது என்று வெளியாள் ஒருவர் முகவரி முகவரியாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதோடு, பெரும்பாலான சாட் சர்வர்கள் மெயிலை அந்த நொடியிலேயே அனுப்புவதில்லை. ஒரு வரிசையில் போட்டுவிட்டுப் பின்னணியில் அனுப்பப் பார்க்கும். அது தோற்றால் லாகில் ஒரு வரி விழும், அவ்வளவுதான். பயனரின் திரையில் எதுவும் மாறாது, அட்மினின் திரையிலும் பல சமயம் மாறாது. மேட்டர்மோஸ்ட் இதில் பரவாயில்லை, மெயில் அறிவிப்புகள் அமைக்கப்படவில்லை என்று மேலே ஒரு பட்டையில் எழுதிக் காட்டும். ஆனால் அரைகுறையாக எதையோ நிரப்பி வைத்த எங்களைப் போன்றவர்களை எந்தப் பட்டையும் காப்பாற்றாது.

சாட் சர்வருக்கு எதற்கு மெயில், பேசுவதற்குத்தானே அது என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கை உறுதிப்படுத்துவது, அழைப்பு அனுப்புவது, பாஸ்வேர்டை மீட்பது, புதிய கருவியிலிருந்து யாரோ உள்ளே வந்தால் எச்சரிப்பது எல்லாம் மெயிலில்தான் நடக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு யாராவது எழுதினால் தெரிவிப்பதும் அதில்தான். தினமும் உள்ளே வராதவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள், அவர்களைக் குழுவோடு கட்டி வைத்திருக்கிற கயிறு அந்த மெயில்தான். வெளியே போகிற மெயிலைத்தான் இங்கே சொல்கிறேன். மெயிலுக்குப் பதில் எழுதினால் அது சாட்டுக்குள் போய் விழுவது என்ற உள்வரும் மெயில் வேறு சமாச்சாரம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

சரி, எங்கள் சர்வரில் என்ன கோளாறு? முதல் கோளாறு எங்கள் கையிலேயே இல்லை. சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் வெளியே போகும் மெயில் வழிகளை அடைத்து வைத்திருந்தது. இது அவர்கள் மட்டும் செய்கிற காரியமல்ல, பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் போகும் எண்ணிட்ட வாசலான 25-ஆம் போர்ட்டை எடுத்த எடுப்பிலேயே மூடித்தான் கொடுக்கின்றன, சிலர் 465, 587 இரண்டையும் சேர்த்தே மூடுகிறார்கள். காரணம் பழையது. மெயில் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982-ல் வகுக்கப்பட்டபோது இணையத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், ஒருவரையொருவர் நம்பினார்கள். யார் அனுப்புகிறார்கள் என்று நிரூபிக்கச் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. பிற்பாடு எரிதம், அதாவது ஸ்பேம், பெருகியது. ஒரு சர்வரை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து லட்சக்கணக்கில் ஸ்பேம் அனுப்பிவிட்டு ஓடிப்போகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்காகப் போட்ட பூட்டு நமக்கும் சேர்த்துத்தான் விழுகிறது. அதனால் வாடகைக்கு எடுக்கும் முன்பே அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, எதைக் கேட்டால் திறப்பார்கள் என்று பார்த்துவிட வேண்டும். நாங்கள் கேட்ட பிறகு எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் 587-ஐத் திறந்தது.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். சாட் சர்வரைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், மெயில் அனுப்பும் சர்வரையும் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். சொந்த சர்வரிலிருந்து நேராக ஜிமெயிலுக்கோ யாஹூவுக்கோ அனுப்பினால், உங்கள் ஐபி முகவரிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (அந்த எண் யாருடைய பெயரில் இருக்கிறது என்று காட்டும் பதிவு) சரியாக இருக்கிறதா, அந்த முகவரியை உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்தார், உங்கள் சர்வர் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாகப் போய் அங்கே ரிவர்ஸ் டிஎன்எஸ் இல்லாமல் மாட்டிக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். மெயில் அனுப்புவதையே தொழிலாகச் செய்கிற சேவைகள் இருக்கின்றன, மெயில்கன், சென்ட்கிரிட், அமேசான் எஸ்இஎஸ் மாதிரி. சின்னக் குழுவின் தேவைக்கு அவற்றில் ஒன்றில் கணக்கு வைத்து, சாட் சர்வரை அதோடு பேசச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியானால் சொந்தமாக நடத்துவதன் அர்த்தமே போய்விட்டதே என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கோபப்பட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அறிவிப்பு மெயிலில் செய்தியின் உள்ளடக்கமும் சேர்ந்து போனால் அது இடையில் இருக்கிற சேவையின் கையைத் தாண்டித்தான் போகும், பெறுகிறவரின் மெயில் நிறுவனத்திடமும் தங்கும். ஸூலிப்பில் இதற்கு ஒரு அமைப்பு உண்டு, அறிவிப்பு மெயிலில் செய்தியின் வாசகத்தைச் சேர்க்காமல், உங்களுக்குச் செய்தி வந்திருக்கிறது என்று மட்டும் அனுப்பச் சொல்லலாம். எங்கள் சர்வரில் அதைத்தான் வைத்திருக்கிறோம். பேச்சு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும், கதவைத் தட்டுகிற வேலையை மட்டும் வெளியாள் செய்வார்.

அடுத்தது போர்ட் எண்ணும் குறியாக்கமும், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்புவதும். பெரும்பாலானோர் கால்தடுக்கி விழும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மெயில் சேவையோடு பேச இரண்டு வாசல்கள் இருக்கின்றன. 587-ல் முதலில் வெளிப்படையாக வணக்கம் சொல்லிக்கொண்டு, பிறகு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று ஒரு கட்டளை கொடுத்து அங்கிருந்து குறியாக்கத்துக்கு மாறுவார்கள். 465-ல் முதல் எழுத்திலிருந்தே குறியாக்கம்தான். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த 465 முறையையே விரும்பத்தக்கது என்கிறது, 587-ம் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. எந்த வாசலானாலும் சரி, அந்த வாசலுக்கு உரிய முறையைத்தான் தேர்வு செய்ய வேண்டும். சாட் சர்வரின் செட்டிங்ஸில் குறியாக்க முறைகளின் பெயரான டிஎல்எஸ் என்று ஒரு கட்டமும் எஸ்எஸ்எல் என்று ஒரு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஸூலிப் மாதிரி ஜாங்கோ என்ற நிரல் சட்டகத்தில் எழுதிய மென்பொருள்களில் டிஎல்எஸ் என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், எஸ்எஸ்எல் என்றால் முதலிலிருந்தே குறியாக்கம். மேட்டர்மோஸ்ட்டிலோ டிஎல்எஸ் என்றால் முதலிலிருந்தே குறியாக்கம், மற்றதற்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் என்றே தனியாகப் பெயர் போட்டிருக்கும். ஒரே சொல் இரண்டு மென்பொருளில் இரண்டு பொருள் தருகிறது. கட்டுரையைப் பார்த்துக் கட்டத்தை டிக் செய்கிற வாசகர் இதில் குழம்பினால் அது அவர் தப்பே இல்லை.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று நான் உட்கார்ந்து பார்த்தேன். 465-ஐப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸைத் தேர்வு செய்தால், நம் சர்வர் எதிர்ப்பக்கம் முதலில் 220 என்று தொடங்கி வணக்கம் சொல்லும் என்று காத்திருக்கும். எதிர்ப்பக்கமோ நாம் முதலில் குறியாக்கத்தைத் தொடங்குவோம் என்று காத்திருக்கும். இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் நிற்பார்கள், கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று லாகில் விழும். போர்ட் அடைபட்டிருந்தாலும் இதே வரிதான் விழும் என்பதால் ஆளை நன்றாக ஏமாற்றிவிடும், நானே இரண்டாவது முறை இதில் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். திருப்பிப் போட்டால், அதாவது 587-ல் எடுத்த எடுப்பிலேயே குறியாக்கத்தோடு போனால், எதிர்ப்பக்கம் சாதாரண எழுத்தில் வணக்கம் சொல்லும், நம் பக்கம் அதைக் குறியாக்கம் என்று நினைத்துப் படிக்கப் பார்த்து, பதிப்பு எண் தவறு என்று ஒரு பிழையைத் துப்பும். இதைப் பார்த்துவிட்டு ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளை அப்டேட் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். எண்ணும் முறையும் பொருந்தவில்லை என்பது மட்டும்தான் அதன் அர்த்தம்.

லாகில் வருகிற வரிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை குறையும். நேரம் கடந்துவிட்டது என்றால் வழியில் எங்கோ அடைப்பு, இல்லையென்றால் மேலே சொன்ன ஊமைக் காத்திருப்பு. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால் அந்த முகவரியில் ஒரு கணினி இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் பதில் சொல்ல யாரும் இல்லை. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் சாட் சர்வரை ஓட்டுகிறவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள், ஏனென்றால் மெயில் சர்வர் என்ற இடத்தில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே இயந்திரம், என்று எழுதியிருப்பார்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், வெளியே இருக்கிற இயந்திரம் அல்ல. 535 என்று வந்தால் நான் சந்தோஷப்படுவேன், உண்மையாகவே. எதிர்ப்பக்கம் வரைக்கும் போய், குறியாக்கமும் சரியாகி, பெயரும் பாஸ்வேர்டும் மட்டும்தான் பொருந்தவில்லை என்று அர்த்தம். 550 என்றால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிட்டார்கள், இந்தக் கடிதத்தை மட்டும் வாங்க மறுக்கிறார்கள், பக்கத்தில் எழுதியிருக்கிற காரணத்தைப் படிக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வாசகத்தை விட்டுவிடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது, அந்த வாசகத்தில்தான் விடை இருக்கும்.

பெயர், பாஸ்வேர்டு விஷயத்திலும் சில பொறிகள். ஜிமெயில் கணக்கின் வழக்கமான பாஸ்வேர்டைக் கொண்டுபோய் சர்வரில் போட்டால் வேலை செய்யாது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியைக் கூகுள் 2022 மே 30 முதல் மூடத் தொடங்கிவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி அதைத்தான் தர வேண்டும். நாளுக்கு 500 என்ற வரம்பும் உண்டு, அனுப்புநர் முகவரியாக நீங்கள் உங்கள் டொமைனை எழுதினாலும் அந்தக் கணக்கில் அதை முன்கூட்டியே பதிந்திருக்காவிட்டால் ஜிமெயில் அதை மாற்றித் தன் கணக்கின் முகவரியையே போட்டுவிடும். சோதித்துப் பார்க்கச் சரி, நிரந்தரமாக வேண்டாம். சென்ட்கிரிட்டில் பயனர்பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ மெயிலோ வராது, ஏபிஐகீ என்ற சொல்லையே ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும், அவர்கள் தரும் சாவி பாஸ்வேர்டு இடத்தில் வரும். அமேசானிலும் எஸ்எம்டிபிக்கான பெயரும் பாஸ்வேர்டும் தனியாக உருவாக்க வேண்டியவை. அப்புறம், பாஸ்வேர்டில் டாலர் குறியோ ஹேஷ் குறியோ இருந்தால் சில அமைப்புக் கோப்புகள் டாலருக்குப் பின்னால் வருவதை வேறு எதன் பெயராகவோ நினைத்து விழுங்கிவிடும், ஹேஷுக்குப் பின்னால் வருவதைக் குறிப்பு என்று தள்ளிவிடும். கோப்பில் நீங்கள் பார்க்கும்போது பாஸ்வேர்டு முழுதாக இருக்கும், சர்வரின் கையில் பாதிதான் போயிருக்கும். எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள நீளமான பாஸ்வேர்டை வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஸூலிப்பில் பாஸ்வேர்டு மற்ற செட்டிங்ஸோடு வராது, ரகசியங்களுக்கான தனிக் கோப்பில் போகும், அந்தக் கோப்பை யாருக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். மாற்றிய பிறகு சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், இதை மறந்துவிட்டுப் பழைய பிழையையே மறுபடி மறுபடி பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

இவ்வளவும் சரியானால் மெயில் கிளம்பிவிடும். ஆனால் கிளம்புவது வேறு, இன்பாக்ஸில் போய் உட்காருவது வேறு. இந்த டொமைனின் பெயரில் அனுப்ப இவருக்கு உரிமை இருக்கிறதா என்று பெறுகிற பக்கம் கேட்கும். அதற்கான பதிலை டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் நாம் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது எந்தெந்தச் சர்வர்கள் எங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் போடும் கையொப்பம், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். டிமார்க் என்பது இரண்டும் பொய்த்துப்போனால் மெயிலை என்ன செய்யலாம் என்று நாம் சொல்லி வைக்கும் வழிமுறை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது, நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், யாஹூவும் அதே சமயத்தில் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. நாற்பது பேர் குழுவுக்கு எதற்கு மூன்றும் என்று விட்டுவிடாதீர்கள், மூன்றையும் போட ஒரு மணி நேரம்கூட ஆகாது. டிமார்க்கை மட்டும் முதலில் கண்காணிக்கும் நிலையில் வையுங்கள், எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்த பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

இங்கே எங்களுக்கு விழுந்த அடியைச் சொல்கிறேன். எங்கள் டொமைனில் ஏற்கெனவே சாதாரண மெயிலுக்காக ஒரு எஸ்பிஎஃப் வரி இருந்தது. புதிய சேவை தங்கள் வரியைச் சேர்க்கச் சொன்னபோது அதைத் தனியாக இரண்டாவது வரியாகச் சேர்த்துவிட்டேன். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, பழைய மெயிலும் சேர்ந்து கெட்டுப்போகும். புதியதைப் பழைய வரிக்குள்ளேயே சேர்த்து எழுத வேண்டும். அதிலும் இன்னொன்று, எஸ்பிஎஃப் பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியை அல்ல, சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும், உறையின் மேல் இருக்கும் முகவரியை. அந்த இரண்டு டொமைன்களும் பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். அதனால்தான் சில சமயம் எஸ்பிஎஃப் சரி என்று காட்டியும் மெயில் ஸ்பேமில் கிடக்கிறது. டிகிம் கையொப்பம் உங்கள் சொந்த டொமைனிலேயே விழும்படி அமைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சோதனைக்கு வருகிறேன். ஸூலிப்பில் டெஸ்ட் மெயில் அனுப்ப ஒரு கட்டளை உண்டு, மேட்டர்மோஸ்ட்டில் இணைப்பைச் சோதிக்க அட்மின் பக்கத்தில் ஒரு பொத்தானே இருக்கிறது. ஸூலிப்பின் கட்டளை ஒரு மெயிலோடு நிற்காமல் வெவ்வேறு அனுப்புநர் முகவரிகளிலிருந்து இரண்டு அனுப்பும், இரண்டும் வந்ததா என்று பாருங்கள். ஏனென்றால் கணக்கு உறுதிப்படுத்தும் மெயில்களுக்கு அது அனுப்புநர் முகவரியில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எழுத்துக்கோவையைச் சேர்க்கும், பதிவு செய்த ஒரே ஒரு முகவரியிலிருந்து மட்டும்தான் அனுப்பலாம் என்று சொல்கிற மெயில் சேவைகளில் அது நின்றுவிடும். அப்படியானால் அந்தச் சேர்க்கையை நிறுத்த செட்டிங்ஸில் இடம் இருக்கிறது, ஆனால் அது ஒரு பாதுகாப்புக்காக வைத்தது என்பதால் முடிந்தவரை நிறுத்தாமல், சேவையில் டொமைன் முழுவதையும் சரிபார்த்துக்கொள்வதே நல்லது.

டெஸ்ட் மெயில் வந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் சொந்த மெயிலுக்கு வருவது ஒன்றையும் நிரூபிக்காது, அது உங்கள் டொமைனிலேயே இருந்தால் இன்னும் மோசம். வேறு வேறு நிறுவனங்களின் மெயில் வைத்திருக்கும் மூன்று நான்கு பேருக்கு அனுப்புங்கள். ஜிமெயிலில் வந்த மெயிலின் மூல வடிவத்தைத் திறந்தால் மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் தேறியதா என்று காட்டும். பிறகு அட்மினாக இல்லாமல் ஒரு சாதாரண உறுப்பினராக ஒரு கணக்கை உருவாக்கி, வெளியே வந்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தி, வருகிற மெயிலில் இருக்கும் லிங்க்கைச் சொடுக்கி, புதிய பாஸ்வேர்டு வைத்து உள்ளே போய்ப் பாருங்கள். மெயில் அழகாக வந்து சேர்ந்து, உள்ளே இருக்கும் லிங்க் மட்டும் லோக்கல்ஹோஸ்ட் என்று போகிற சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். சர்வரின் வெளி முகவரியைச் செட்டிங்ஸில் எழுதாததால் வருவது அது. அட்மினின் கணினியில் வேலை செய்கிற மாதிரியே இருக்கும், மற்றவர்களுக்கு வெற்றுப் பக்கம்தான்.

ஒருமுறை சரியாகிவிட்டால் என்றைக்கும் சரியாகவே இருக்கும் என்றும் நம்பக்கூடாது. மெயில் சேவையின் இலவச வரம்பு மாறும், சாவி காலாவதியாகும், யாரோ டொமைனின் டிஎன்எஸ்ஸை வேறிடத்துக்கு மாற்றும்போது டிகிம் வரி விடுபட்டுப்போகும். நான் இப்போது மாதத்தில் ஒருநாள் அந்தச் சாதாரணக் கணக்கில் பாஸ்வேர்டை மீட்டுப் பார்க்கிறேன், இரண்டு நிமிட வேலை. மெயில் முழுக்கப் படுத்துவிட்டாலும் சர்வருக்குள் நேராக நுழைந்து கட்டளை வழியாக ஒருவருடைய பாஸ்வேர்டை மாற்றிக்கொடுக்க ஸூலிப், மேட்டர்மோஸ்ட் இரண்டிலும் வழி இருக்கிறது, அந்தக் கட்டளையை அட்மின் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். எங்கள் அக்காவை அன்றைக்கு உள்ளே கொண்டுவர நான் அந்த வழியைத்தான் பயன்படுத்தினேன். பிறகு மெயில் சரியானதும் அவரையே மறுபடி ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். போனில் இருவரும் காத்திருந்தோம், ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. தலைப்பை எனக்கு வாசித்துக் காட்டியவர், அதில் ஒற்று ஒன்று விடுபட்டிருக்கிறது என்றார்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால் வெளியே போகும் மெயிலுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள், அதுவும் நிறுவிய பிறகு செய்ய வேண்டிய வேலையாக இல்லாமல், முதல் உறுப்பினரை அழைப்பதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலையாக. லாகில் வருகிற பிழை வரிகளுக்குத் தமிழில் விளக்கம் எழுத எங்கள் குழு தயாராக இருக்கிறது. முகவரிகளையெல்லாம் நீக்கிவிட்டு எங்கள் சர்வரின் அந்த மூன்று வார லாகையும் அனுப்பி வைக்கிறேன், அவருக்கு உதாரணமாகப் பயன்படும்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகர்